வீணைக்குப் பக்கத்தில் மிருதங்கம்

வீணைக்கு 7 தந்திகள். 4 வாசிப்பதற்கு, 3 தாளத்துக்கு. வலக்கைச் சுண்டுவிரல் இந்த மூன்றையும் மீட்டித் தாளத்தைக் காட்டிக்கொண்டே போகும்; சுருதியும் அதில் நிற்கும். காலக்கணக்கைத் தானே வைத்துக்கொள்ளும் வாத்தியம் இது. இதற்கு மிருதங்கம் எதற்கு என்ற கேள்வி அசட்டுத்தனமானதல்ல. வீணை தனம்மாள் (1867-1938) வாசித்த முறையே இக்கேள்விக்கு ஒரு பதில். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் லயவாத்தியத் துணையின்றி வாசித்தார். வந்தவர்கள் சிலர், அறையும் சிறியது.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது நாகஸ்வரம். திறந்த வெளியில், வீதியில், ஊர்வலத்தில் வளர்ந்தது. அதனுடன் வரும் தவிலுக்குப் பலாமரக் கட்டை. வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் குச்சி. ராக ஆலாபனையின் இடைவெளிகளில்கூட அதற்கு இடமுண்டு. டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894-1949) வாசித்தபோது தவிலைக் கேட்கவென்றே வந்தவர்களும் உண்டு. அங்கே ‘பக்க’ வாத்தியம் என்ற சொல் பொருந்துவதில்லை.

சபாக் கச்சேரி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வாய்ப்பாட்டுக்கென்று உருவான அமைப்பை, தனி ஆவர்த்தனம் உட்பட, அது வீணைக்கும் அப்படியே மாட்டிவிட்டது. சிக்கல் இங்குதான். குரலும் நாகஸ்வரமும் மூச்சால் நீள்பவை. வீணையில் மீட்டு விழுந்த கணத்திலிருந்தே நாதம் தேயத் தொடங்குகிறது. அந்தத் தேய்வுக்குள்தான் இடக்கை தந்தியை இழுத்துக் கமகத்தைச் செய்தாக வேண்டும். மிருதங்கத்தின் ஒரு பலத்த சொல் அதன்மேல் விழுந்தால் போவது வெறும் சப்தமல்ல, ராகமே போகிறது.

ஒலிபெருக்கி இதைத் தீர்த்துவிட்டதாக ஒரு நினைப்பு. அது இரண்டையும் சேர்த்தே பெருக்குகிறது. எதை எவ்வளவு கேட்பது என்ற முடிவு, மேடையில் இருப்பவர் கையிலிருந்து மைக்காரர் கைக்குப் போய்விட்டது. பாலக்காடு மணி அய்யர் (1912-1981) ஒலிபெருக்கியை எதிர்த்ததைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது சுலபம். மிருதங்கக்காரர்களில் முதல்முதலாக, 1966இல், சங்கீத கலாநிதி பெற்றவர் அவர். தொடுகையின் அளவு தெரிந்த ஒருவர் அந்த அளவைத் தன் விரல்களிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார் என்றுதான் எனக்குப் படுகிறது.

வீணையில் இன்னொன்றும் உண்டு. சொற்கள் இல்லை. சாகித்தியத்தின் எழுத்து எங்கே விழுகிறது என்பதை மீட்டுத்தான் சொல்கிறது. பாட்டை மனத்தில் வைத்திருக்கும் மிருதங்கக்காரர் அந்த மீட்டுக்கு வாசிப்பார். மற்றவர் தாளத்துக்கு வாசிப்பார். இரண்டும் கணக்கில் சரி. பகல் முழுக்கப் பேரேட்டில் தொகை நேராக்குபவன் என்ற முறையில் சொல்கிறேன், கணக்குச் சரியாக இருப்பது பெரிய விஷயமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை. சரணத்தின் நடுவே மிருதங்கக்காரர் வலக்கையை எடுத்துவிட்டார். தொப்பியில் மட்டும், இருந்தும் இல்லாததுபோல் ஒரு கும்கி. இரண்டு ஆவர்த்தனம் இப்படிப் போயிற்று. அதுவரை கேட்காதிருந்த தாளத் தந்திகள் கேட்டன. பிறகு வந்த தனி ஆவர்த்தனத்துக்குச் சபை கைதட்டியது. அந்த இரண்டு ஆவர்த்தனத்துக்கு யாரும் தட்டவில்லை, நானும் தட்டவில்லை.