கணனி இசையும் காலப்பிழையும்

சுருதியை அன்னையென்றும் இலயத்தைத் தந்தையென்றும் கூறுதல் நம் இசைவாணர் மரபு. கணனியின் துணைகொண்டு இசையாக்குவோர் இவ்விருவருள் தந்தையிடமே பெரிதும் இடர்ப்படுகின்றனர். பிழையின்றி எழுதப்பட்ட மெட்டு ஒருமுறை ஒழுங்காக ஒலிக்கிறது. மறுமுறை அதே மெட்டு ஓரிடத்தில் முந்துகிறது, வேறோரிடத்திற் பிந்துகிறது. இதனை இக்காலக் கருவிகளின் குறைபாடெனக் கருதுவார் பலர். அஃது அவ்வாறன்று. கணனி முதன்முதல் இசைத்த காலத்திலேயே இச்சிக்கலும் உடன்பிறந்தது.

1949ஆம் ஆண்டு நவம்பரிற் சிட்னி நகரில் இயங்கத் தொடங்கிய அவுஸ்திரேலியக் கணனி பின்னாளிற் சைராக் எனப் பெயர்பெற்றது. ட்ரெவர் பியர்சி, மாஸ்ரன் பியர்ட் ஆகியோர் வடிவமைத்த அப்பொறியில் ஓர் ஒலிபெருக்கி பொருத்தப்பட்டிருந்தது. வேலை எந்நிலையில் உள்ளதென்பதை இயக்குவோனுக்கு அறிவித்தலே அதன் தொழில். ஜெவ் ஹில் என்னும் கணிதவறிஞர் அதனைக்கொண்டு மெட்டிசைக்க முற்பட்டார். ஒலிபெருக்கிக்கு ஒரு துடிப்பை அனுப்பினால் 'டிக்' என்னும் ஓசை மட்டுமே எழும். செக்கனுக்கு 200 துடிப்புக்களைச் சம இடைவெளியில் அனுப்பினால் அம்மீடிறனுக்குரிய சுரம் பிறக்கும். இடைவெளி சமமாயிராவிடின் எஞ்சுவது கரகரப்பே. அங்கே தந்தை பிழைத்தால் தாயும் பிழைத்தாள் என்பது நோக்கத்தக்கது.

அப்பொறியின் நினைவகமோ இரசம் நிரப்பிய குழாய்களால் ஆயது. எண்கள் ஒலியலைகளாக இரசத்தினூடே சென்று, மறுமுனையிற் பெறப்பட்டு, மீண்டும் முதல்முனைக்கு அனுப்பப்பட்டுச் சுழன்றவண்ணமிருந்தன. வேண்டிய எண் முனைக்கு வந்துசேரும்வரை பொறி காத்திருத்தல் வேண்டும். வீதிவலம் வரும் சுவாமியைத் தன் வாயிலிற் கண்டு வணங்க நிற்போனின் நிலையை இஃது ஒத்தது. எனவே நினைவகத்தில் எண் இருந்த இடத்தைப் பொறுத்து ஒரே செயல் விரைந்தும் தாழ்த்தும் நிறைவேறிற்று. ஒவ்வொரு சுற்றும் ஒரே நேரத்தில் முடியும்வண்ணம் கட்டளைகளையும் எண்களையும் தக்க இடங்களிற் பொருத்தியமைத்தலே ஹில் ஆற்றிய அரும்பணியாகும். மெட்டைத் தெரிதல் அதனோடு ஒப்பிடுகையில் எளிது. 1951 ஓகஸ்டிற் சிட்னியில் நடைபெற்ற கணிபொறி மாநாட்டில் அப்பொறி 'கேணல் போகி' அணிநடை மெட்டை இசைத்தது என்பர். அவ்விசையை எவரும் ஒலிப்பதிவு செய்திலர். பிற்காலத்திற் போல் டோர்ன்புஷ் என்பார் எஞ்சிய துளைநாடாக்களைக் கொண்டு அதனை மீட்டுருவாக்கினார். ஆயினும் நாம் கேட்பது மீட்டுருவமேயன்றி மூலமன்று.

ஒலிப்பதிவு பெறும் பேறு மான்செஸ்ரர் பொறிக்கே கிட்டிற்று. பெராண்டி மார்க் 1 என்னும் அக்கணனியின் கைந்நூலில் அலன் ரியூரிங் ஒலியெழுப்பும் கட்டளையை விளக்கியிருந்தார். பாடசாலை ஆசிரியராயிருந்த கிறிஸ்தோபர் ஸ்ராச்சி அதனைப் பயன்படுத்தி ஆங்கில நாட்டுப்பண்ணை இசைப்பித்தார். 1951இன் பிற்பகுதியில் பி.பி.சி.யினர் மூன்று மெட்டுக்களை ஒலித்தட்டிற் பதிந்தனர். மூன்றாவது மெட்டின் நடுவே பொறி நின்றுவிட, சூழநின்றோர் நகைத்ததும் தட்டில் உள்ளது.

அறுபத்தைந்து ஆண்டுகளின் பின், 2016இல், நியூசிலாந்தின் கன்ரபரிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜக் கோப்லண்ட், யேசன் லோங் ஆகிய இருவரும் அத்தட்டை ஆராய்ந்தனர். அதில் ஒலித்த சுரங்கள் சில அக்கணனியால் எழுப்பவே இயலாதவை! பொறியின் அடிப்படைத் துடிப்பு மாறாதது; அதன் முழு மடங்குகளாக அமையும் இடைவெளிகளையன்றி வேறெதனையும் அது தரமாட்டாது. ஆகவே பிழை கணனியினதன்று, பதிந்த கருவியினதேயென்பது பெறப்பட்டது. தட்டு வெட்டப்பட்டபோது மிகை வேகத்திற் சுழன்றதாதலால், வழக்கமான வேகத்தில் இசைத்தபோது சுரங்கள் தாழ்ந்தன. இயலாச் சுரங்களையே அளவுகோலாகக் கொண்டு, எத்துணை விரைவுபடுத்தல் வேண்டுமென்பதை அவர்கள் கணித்தறிந்தனர். வேகத்தின் தளம்பலையும் நீக்கினர். இத்துணை ஆண்டுகளாகப் 'பழைய கணனியின் குரல்' எனக் கேட்கப்பட்டது உண்மைக் குரலன்று.

1957இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சார்ந்த மக்ஸ் மத்யூஸ் வேறு வழி கண்டார். அவரது நிரல் ஒலியின் எண்களைக் கணித்து நாடாவிற் பதியும். இசைத்தல் பின்னரே நிகழும். கணித்தலும் இசைத்தலும் பிரிந்தமையாற் காலப்பிழை அகன்றது. ஆனால் வாசிப்போன் கைபட்டவுடன் ஒலிக்கும் கருவியாகக் கணனி அமையவில்லை.

அவ்விரண்டும் மீண்டும் இணைந்தபோது பழைய சிக்கலும் மீண்டது. யப்பானிய, அமெரிக்கக் கருவியாளர் உடன்பட்டு 1983இல் வெளியிட்ட மிடி என்னும் பொதுநெறி, செக்கனுக்கு 31,250 துணுக்குகளை ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது. ஒரு சுரத்தைத் தொடக்கும் செய்திக்கு ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் செல்லும். பத்துச் சுரங்களை ஒருங்கே ஒலிக்கப் பணித்தால் இறுதிச் சுரம் முதற் சுரத்தின் பின் ஒன்பது மில்லிசெக்கன் கழித்தே தொடங்கும். தாளக்கருவியின் அடியும் அவ்வரிசையிற் பின்தங்கினால் பயின்ற செவி அதனை உணரும். 1985இல் வந்த அற்றாரி எஸ்.ரி. கணனியில் மிடி வாயில்கள் உள்ளமைந்திருந்தன. ஒரு நேரத்தில் ஒரு வேலையையே அது செய்தது. அதன் தாள ஒழுங்கை இன்றும் புகழ்வோர் உளர். பின்வந்த வலிய கணனிகள் பல வேலைகளிடையே தம் கவனத்தைப் பங்கிட்டன. ஒலியையும் சிறு தொகுதிகளாகச் சேமித்தே வெளியிட்டன. செக்கனுக்கு 44,100 மாதிரிகள் என்னும் வீதத்தில் 256 மாதிரிகள் கொண்ட தொகுதி ஒன்றுக்கு 5.8 மில்லிசெக்கன் ஆகும்.

பிழை காண முற்படுவோன், சீரான அடிகளை இசைப்பித்து, வெளிவரும் ஒலியைப் பதிந்து, இடைவெளிகளை அளத்தல் வேண்டும். எல்லா அடிகளும் ஒரேயளவு பிந்தினால் அவ்வளவைக் கழித்துவிடலாம். மான்செஸ்ரர்த் தட்டின் வேகப்பிழை போன்றது அது. தொகுதியைப் பெரிதாக்குதல் பலருடைய முதல் வைத்தியமாகும். அது வெடிப்பொலியை அடக்குமேயன்றிப் பிந்துதலைக் கூட்டும். அடிகள் தொகுதியின் எல்லைகளிலேயே வந்து விழுமாறு எழுதப்பட்ட மென்பொருளாயின் ஒழுங்கின்மையும் மிகும். ஒரே வாயிலில் அனைத்தையும் திணியாது தாளத்துக்குத் தனி வாயில் அளித்தலும், உடனியங்கும் பிற வேலைகளை நிறுத்துதலும் பயன்தரும். பிழை நேரஞ்செல்லச் செல்ல வளருமாயின் இரு கருவிகளின் மணிப்பொறிகள் வேறுபடுகின்றன என்றறிக. பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபாடு ஒரு மணித்தியாலத்தில் 0.18 செக்கனாகும். அந்நிலையில் ஒன்றன் துடிப்பையே மற்றையது பின்பற்றச் செய்தல் வேண்டும். தொகுதியின் அளவை மாற்றுவதால் அப்பிழை தீராது.