மருந்தா, நஞ்சா, போதைப்பொருளா? தூக்க மாத்திரையும் சாலை மரணத்தில் சட்டப் பொறுப்பும்

முன்னுரை

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் ஒருவர் இரவில் விழுங்கும் தூக்க மாத்திரைக்கு மூன்று பெயர்கள் உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுக்கும்போது அது மருந்து. அதன் விற்பனையையும் இருப்பையும் கட்டுப்படுத்தும் 1952-ஆம் ஆண்டுச் சட்டமோ நஞ்சுகள் சட்டம் எனப் பெயர் பெற்றுள்ளது. மலாயில் ‘அக்தா ராச்சுன்’. டயசிபம், மிடாசோலாம் முதலியவை அச்சட்டத்தின்கீழ் 1989-இல் இயற்றப்பட்ட விதிமுறைகளால் ஆளப்படுகின்றன. அம்மாத்திரையின் மயக்கம் தெளியாத நிலையில் ஒருவர் மறுநாட்காலை கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டியோட்டிச் சென்று ஓர் உயிரைப் போக்கிவிட்டால், 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு அதனை ‘டாடாஹ்’ என்னும் மலாய்ச் சொல்லால் சுட்டுகிறது. தமிழ் நாளிதழ்களில் அச்சொல் ‘போதைப்பொருள்’ என்றே வருவதைக் காண்கிறோம்.

இப்பெயர் வேறுபாட்டை மொழிபெயர்ப்புச் சிக்கல் என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. உறக்கத்தில் நேர்ந்த சாலை மரணத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குக் கடந்த எண்பது ஆண்டுகளாக நீதிமன்றங்கள் அளித்துவரும் விடை, ‘ஓட்டுநர் முன்கூட்டியே எதை அறிந்திருந்தார்’ என்பதைச் சுற்றியே அமைந்துள்ளது. அறிவு என்பது சொல்வழியே வருவது. ஆகவே அச்சொல்லின் வரலாற்றையும் அவ்விடையின் வரலாற்றையும் சேர்த்தே நோக்க வேண்டியுள்ளது.

ஒரு சொற்றொடரின் பயணம்

இங்கிலாந்தின் 1872-ஆம் ஆண்டு உரிமச் சட்டம், குடிபோதையில் வண்டி, குதிரை, கால்நடை, நீராவி இயந்திரம் ஆகியவற்றை நடத்திச் செல்வதைக் குற்றமாக்கியது. 1925-இல் இயந்திர வாகனங்கள் தனியே குறிக்கப்பட்டன. ஆயினும் இவ்விரு சட்டங்களிலும் குடிக்கு மட்டுமே இடமிருந்தது. ‘மது அல்லது மருந்தின் ஆளுகைக்கு உட்பட்டு, வாகனத்தை உரியவாறு கட்டுப்படுத்த இயலாத அளவில்’ என்ற பொருள்படும் தொடர் 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில்தான் இடம்பெற்றது. காலனித்துவ ஆட்சியின்வழி அத்தொடர் மலாயாவுக்கு வந்தது. மலாயாவின் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த இன்றைய 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44, 45-ஆம் பிரிவுகளிலும் ஏறத்தாழ அதே வடிவில் அதனைக் காணலாம்.

ஆங்கிலத்தின் ‘டிரக்’ என்னும் சொல் மருந்தையும் போதைப்பொருளையும் ஒருங்கே குறிப்பது. தமிழ் இவ்விரண்டையும் முற்றாகப் பிரித்து வைத்துள்ளது. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே ‘மருந்து’ எனப் பெயரிட்டிருக்க, கள்ளை வேறோர் அதிகாரத்தில் வைத்துக் கடிந்தார். மலாய்மொழியின் நிலை இன்னும் சுவையானது. ‘டாடாஹ்’ என்பது முன்னாளில் மருந்துச் சரக்குகளையும் குறித்த சொல். பின்னாளில், போதைப்பொருள் ஒழிப்பு இயக்கங்களின் காலத்தில், அது தீய பொருளிலேயே நிலைபெற்றுவிட்டது. ‘உபாட்’ மட்டும் மருந்தாக எஞ்சியது. 1967-க்குப் பின் இயற்றப்படும் சட்டங்களுக்கு, மாமன்னர் வேறு வகையாகக் குறித்தாலன்றி, தேசிய மொழி வடிவமே அதிகாரம் உடையது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் படிப்பவர்க்கு மருத்துவர் தந்த மாத்திரையும் அப்பிரிவுக்குள் அடங்கும் என்று தோன்றலாம். மலாயிலோ தமிழ் நாளிதழிலோ படிப்பவர், கஞ்சா, ஹெராயின் உட்கொள்வோர்க்கே அது உரியதென்று எண்ணுவது இயல்பே.

மருத்துவர் தந்ததும் ‘மருந்தே’ என்ற தீர்ப்பு

இவ்வையத்தை நேருக்கு நேர் எதிர்கொண்ட வழக்கு 1957-இல் இங்கிலாந்தில் எழுந்த ஆம்ஸ்ட்ராங் எதிர் கிளார்க் என்பதாகும். நீரிழிவு நோயாளி ஒருவர் வழக்கம்போல் இன்சுலின் செலுத்திக்கொண்டு வண்டியோட்டினார். இரத்தச் சர்க்கரை தாழ்ந்து நினைவு தடுமாறியது. இன்சுலின் உயிர்காக்கும் மருந்தாயிற்றே, அதனைப் போதை தரும் பொருளோடு ஒன்றாக வைக்கலாமா என்பதே வாதம். தலைமை நீதிபதி கோடார்ட் பிரபு அவ்வாதத்தை ஏற்கவில்லை. நோயைக் குணப்படுத்தவோ தணிக்கவோ உடலுக்குத் துணைசெய்யவோ தரப்படும் எதுவும் அச்சொல்லில் அடங்கும் என்றும், சாலையில் செல்லும் பொதுமக்களும் காக்கப்பட வேண்டியவர்களே என்றும் அவர் கருதினார். மலேசிய நீதிமன்றங்களை இத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது. எனினும் சொற்றொடர் ஒன்றேயாதலின் அதன் நிழல் நம் 44-ஆம் பிரிவின்மீதும் விழவே செய்கிறது.

மருந்து என்ற சொல்லுக்குக் கோடார்ட் தந்த விரிவு நியாயமானதே என்பது எம் கருத்து. ஆனால் அவ்விரிவு தண்டனையின் அளவோடு சேர்த்து எண்ணப்பட வேண்டும். அந்நாளில் அப்பிரிவின்கீழ் நேரக்கூடியதற்கும் இந்நாளில் நம் நாட்டில் நேரக்கூடியதற்கும் இடையே பெருந்தொலைவு உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

உறங்கியவன் ஓட்டினானா?

உறங்குபவன் எதையும் செய்பவன் அல்லன். செய்யாத செயலுக்கு எவ்வாறு தண்டிப்பது? 1945-ஆம் ஆண்டு கே எதிர் பட்டர்வொர்த் வழக்கில் இவ்வினா எழுந்தது. போர்க்காலத்தில் இரவுப்பணி முடித்து வீடு திரும்பிய தொழிலாளி ஒருவர் வண்டியிலேயே கண்ணயர்ந்து, அணிவகுத்துச் சென்ற படைவீரர்கள்மீது மோதினார். உறங்கியவர் குற்றவாளியாகார் எனக் கீழ்நிலை நடுவர்கள் விடுவித்தனர். மேல்நிலை நீதிமன்றமோ, உறக்கம் வருவதை உணர்ந்த கணத்தில் வண்டியை நிறுத்தாததே குற்றம் என்றது. கல்லடி பட்டோ தேனீக்கூட்டம் தாக்கியோ ஒருவர் செயலிழந்தால் அது வேறு. உறக்கம் அறிவிக்காமல் வருவதில்லை என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. 1950-களின் இறுதியில் ஹில் எதிர் பாக்ஸ்டர் வழக்கும் இதனையே உறுதிசெய்தது. ஷா ஆலாம் தொழிற்சாலைகளிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இரவுப்பணி செய்து விடியலில் வீடு திரும்பும் நம் மக்களுக்கு இவ்வழக்கு வெறும் பழங்கதையன்று.

இதனினும் நுட்பமானது ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992-இல் ஜிமினெஸ் வழக்கில் வழங்கிய தீர்ப்பு. ஓட்டுநர் உறங்கியதால் கார் மரங்களில் மோதி, உடன் பயணம் செய்தவர் இறந்தார். உறங்கிய கணங்களில் நிகழ்ந்தது அவருடைய தன்னுணர்வுச் செயல் அன்று என்று நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. அவ்வாறாயின் ஆராயப்பட வேண்டியது உறக்கத்துக்கு முற்பட்ட ஓட்டம். அப்போதே அவர் ஓட்டுவது ஆபத்தாகும் அளவுக்குக் களைத்திருந்தார் என்பதை அரசுத் தரப்பு நிறுவ வேண்டும். அது நிறுவப்படாமையால் தண்டனை நீக்கப்பட்டது. இவ்வாறு சட்டத்தின் பார்வை மோதிய கணத்தினின்று நகர்ந்து, அதற்கு முந்தைய கணத்துக்குச் சென்றது.

மாத்திரை கொண்டுவந்த மாற்றம்

‘உறக்கம் அறிவிக்காமல் வருவதில்லை’ என்ற அடிப்படையைத் தூக்க மாத்திரை அசைத்துவிட்டது. சோல்பிடெம் என்னும் மருந்து அமெரிக்காவில் 1992-இல் ஒப்புதல் பெற்றது. அதனை உட்கொண்டு படுத்தவர்கள் முழுதும் விழிக்காமலே எழுந்து, சமைத்தும் உண்டும் கார் ஓட்டியும் பின்னர் எதுவும் நினைவின்றி இருந்த நிகழ்வுகள் பதிவாயின. 2007-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இவ்வகை மருந்துகளுக்கு ‘உறக்கத்தில் ஓட்டுதல்’ பற்றிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. 2019-இல் அதனைக் கட்டமிட்ட உச்ச எச்சரிக்கையாக உயர்த்தியது. இடையில், 2013-இல், பெண்களுக்கான சோல்பிடெம் அளவு 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. பெண்களின் உடலினின்று அம்மருந்து மெல்லவே வெளியேறுவதால், மறுநாட்காலையும் ஓட்டுந்திறனைக் குறைக்கும் அளவில் அது இரத்தத்தில் தங்கியிருந்ததே காரணம். தாம் நன்கு விழித்துவிட்டதாக எண்ணுபவரும் ஓட்டத் தகுதியற்றவராக இருக்கக்கூடும் என்பதே இதிலுள்ள அச்சம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இதனை மருத்துவரே அறிந்திராதபோது, நோயாளி அறிந்திருக்க வேண்டும் என்பது எங்ஙனம் பொருந்தும்?

ஆங்கில நீதிமன்றங்கள் இதற்கு அருகில் இருமுறை வந்துள்ளன. இரண்டும் சாலை வழக்குகள் அல்ல. 1973-இல் குவிக் வழக்கில், மருத்துவர் தந்த மருந்தோடு அவர் அறிவுரையை மீறி மது அருந்துவது போன்று, முன்னறியத்தக்க விளைவால் வந்த செயலிழப்பு காப்பாகாது எனப்பட்டது. 1984-இல் ஹார்டி வழக்கில், பிறருக்குத் தரப்பட்டிருந்த வேலியம் மாத்திரைகளை விழுங்கித் தீ வைத்தவரின் தண்டனை நீக்கப்பட்டது. அமைதிப்படுத்தும் மருந்தை மதுவைப் போல் கருதலாகாது என்றது நீதிமன்றம். எனினும் வாகனமோட்டும் வழக்குகளில் அத்தகைய மருந்தை உட்கொண்டமை விடையாகாமல் போகலாம் என்ற குறிப்பையும் அது சேர்த்தது. அக்குறிப்பே நமக்கு முதன்மையானது.

நம் தண்டனைச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு, மருந்துகளால் விளையும் நிலையையும் ‘வெறி’ என்பதில் அடக்குகிறது. 85-ஆம் பிரிவோ, பிறர் ஒருவரின் தீய அல்லது கவனக்குறைவான செயலால் தம் இசைவின்றி அந்நிலைக்கு ஆளாகி, செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறியாதிருந்தவருக்குக் காப்பளிக்கிறது. மாத்திரையை மாற்றிக் கொடுத்த மருந்தாளர், எச்சரிக்காத மருத்துவர் ஆகியோரின் செயல் இதில் அடங்குமா என்பது சட்ட மாணவர் ஆராயத்தக்க வினா. நியூயார்க் மாநிலத்தில் கெர்ரி கென்னடி 2012-இல் தைராய்டு மாத்திரைக்கு மாறாகச் சோல்பிடெமைத் தவறி விழுங்கி வண்டியோட்டி, ஒரு சரக்குந்தில் மோதினார். அவ்விபத்தில் எவரும் இறக்கவில்லை. 2014-இல் நடுவர் குழு அவரை விடுவித்தது.

ஒரே மரணம், மூன்று பிரிவுகள்

நம் நாட்டில் இத்தகைய மரணம் ஒன்று நேர்ந்தால் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது தண்டனைச் சட்டத்தின் 304 ஏ பிரிவு. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870-இல் சேர்க்கப்பட்ட அதே எண்ணுள்ள பிரிவின் வழிவந்த இது, குதிரை வண்டிக் காலத்தது. இதற்கு மிகுதியாக ஈராண்டுச் சிறை. இரண்டாவது, சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. கண்மூடித்தனமாகவோ ஆபத்தாகவோ ஓட்டி மரணம் விளைவித்தல். மூன்றாவது 44-ஆம் பிரிவு. குடிபோதை விபத்துகளால் எழுந்த மக்கள் சினத்தையொட்டி 2020-இல் சட்டம் திருத்தப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 23 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி 41-ஆம் பிரிவுக்கு முதற்குற்றத்துக்கே 5 முதல் 10 ஆண்டுச் சிறையும் 20,000 முதல் 50,000 ரிங்கிட் தண்டமும் உண்டு. 44-ஆம் பிரிவுக்கு 10 முதல் 15 ஆண்டுச் சிறையும் 50,000 முதல் 100,000 ரிங்கிட் தண்டமும் உண்டு.

மதுவுக்கு அளவு உண்டு: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம். மருந்தைப் பொறுத்தவரை, கட்டுப்படுத்த ‘இயலாத அளவு’ என்ற 1930-ஆம் ஆண்டுத் தொடரே இன்றும் 44-ஆம் பிரிவின் அளவுகோல். இம்மூன்றில் எதனைத் தேர்வது என்பது, கூட்டரசு அரசியலமைப்பின் 145-ஆம் விதிப்படி, சட்டத்துறைத் தலைவரின் விருப்புரிமை. ஈராண்டுக்குக் குறைவாகவும் முடியலாம். பத்தாண்டுக்குக் குறையாமலும் ஆகலாம். மதுக்கடையிலிருந்து வெளியேறியவரை நோக்கி வகுத்த கீழெல்லைத் தண்டனை, மருத்துவரின் சொற்படி மாத்திரை உண்டவரையும் அதே தட்டில் நிறுத்துவது முறையன்று என்பது எம் துணிபு. இங்கிலாந்து 2015 மார்ச்சில் டயசிபம் உள்ளிட்ட சில மருந்துகளுக்கு இரத்த அளவு வகுத்தபோது, மருத்துவர் அறிவுரைப்படி உட்கொண்டோர்க்குத் தனிக் காப்பு ஒன்றையும் உடன்வைத்தது. எனினும், ஓட்டும் திறன் குன்றியவர்க்கு உரிய பழைய குற்றம் அங்கு நீங்கிவிடவில்லை.

இறந்தவரின் குடும்பத்தை இவ்விவாதத்தில் மறக்கலாகாது. 1956-ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்கீழ்த் துயர் இழப்பீடு 10,000 ரிங்கிட்டாக இருந்து, 2019 செப்டம்பர் முதல் 30,000 ஆயிற்று. வருவாய் ஆதரவு இழப்புக்கு வேறாகக் கோரலாம். ஓட்டுநரின் சிறையாண்டுகள் கூடுவதால் இத்தொகை கூடுவதில்லை.

எச்சரிக்கையின் மொழி

பொறுப்பு ஓட்டுநரோடு முடியாது. மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் 2007-இல் ஆராய்ந்த வழக்கொன்றில், பல மருந்துகளை உட்கொண்டிருந்த முதியவரின் கார் மோதிப் பத்து வயதுச் சிறுவன் இறந்தான். மருந்தின் பக்கவிளைவைப் பற்றி நோயாளியை எச்சரிக்கும் கடமை, அதனால் ஊறுபடக்கூடிய சாலைப் பயணியரையும் சாரும் என்று அந்நீதிமன்றப் பெரும்பான்மை கருதியது. நம் கூட்டரசு நீதிமன்றம் இவ்வளவு தூரம் செல்லவில்லை. ஆயினும் 2006 டிசம்பரில் ஃபூ ஃபியோ நா வழக்கில், எவற்றை நோயாளிக்கு எச்சரிக்க வேண்டும் என்பதை மருத்துவ வழக்கம் மட்டுமே முடிவுசெய்யாது, நீதிமன்றமே முடிவுசெய்யும் என்று நிலைநாட்டியது. 2017-இலும் எச்சரிக்கை, அறிவுரை ஆகியவற்றைப் பொறுத்தமட்டில் இந்நிலைப்பாடு உறுதிபெற்றது.

எச்சரித்தல் என்றால் கேட்பவருக்கு விளங்குமாறு சொல்லுதல் எனக் கொண்டால், எம்மொழியில் என்ற வினா உடனே எழும். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் அன்றாட வாணிபம் தமிழில் நடைபெறுகிறது. மாத்திரை உறையில் உள்ள எச்சரிக்கை பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. ‘மயக்கம் வரலாம்’ என்று வாய்மொழியாகத் தமிழில் சொல்லப்படினும், மயக்கம் என்ற நம் சொல் தலைச்சுற்றலையும் குறிக்கும், நினைவிழத்தலையும் குறிக்கும். மறுநாட்காலை தெளிவாக இருப்பதாகத் தோன்றினும் வண்டியெடுக்கலாகாது என்பதை அது உணர்த்தாது. வழக்கு மன்றத்தில் ‘நீர் அறிந்திருந்தீரா?’ என்று கேட்கப்படும்போது, மருந்தகத்தில் சொல்லப்பட்ட அந்த ஒரு சொல்லே சான்றாக வைக்கப்படும்.