எண்பது வயதுக் கல்லுளிமங்கன்

1956 ஜூன் 21. வாஷிங்டனில், கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த பிரதிநிதிகள் சபை விசாரணைக் கமிட்டி முன்னால் நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் வந்து உட்கார்ந்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். தன்னைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் அவர் பதில் சொன்னார். 1947-இல் கம்யூனிஸ்ட் எழுத்தாளர்கள் கூடிய இடத்தில் வேறு யார் யார் இருந்தார்கள் என்று கேட்டபோதுதான் நின்றுவிட்டார். அந்த இடத்தில் அவருக்குள் யார் நின்றார் என்று தெரிந்தால்தான் அந்த விசாரணை புரியும். அதற்கு 264 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1692-ஆம் ஆண்டின் சூனிய விசாரணைகளைப் பற்றி மில்லர் எழுதிய 'தி க்ரூசிபிள்' நாடகத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஜான் ப்ராக்டரைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். தன் பெயர் எழுதிய காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தூக்குமேடைக்குப் போகிற அந்தக் கடைசிக் காட்சி அப்படிப்பட்டது. ஆனால் அதே நாடகத்தில் ஒரு கிழவர் வருகிறார். வாய்த்துடுக்கு, கோர்ட்டு வழக்கு என்றால் அலாதிப் பிரியம், வயது எண்பதைத் தாண்டியவர். ஜைல்ஸ் கோரி. அவர் சாவது மேடையில் நடப்பதில்லை. கடைசி அங்கத்தில் எலிசபெத் ப்ராக்டர் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த நாலு வார்த்தைக்குப் பின்னால் இருந்த மனிதர்தான் இந்த வாரத்து நாயகர்.

முதலில், மில்லர் அவரைச் சந்தித்த கதை. 1952 ஏப்ரலில் மில்லரை அவருடைய நண்பர், இயக்குநர் இலியா கசான், கனெக்டிகட்டில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்தார். கமிட்டியிடம் கம்யூனிஸ்டுகளாக இருந்தவர்களின் பெயர்களைச் சொல்லிவிடப் போகிறேன் என்றார். மில்லர் அங்கிருந்து நேராக மாசசூசெட்ஸின் சேலத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனார். ஏப்ரல் 10 அன்று கசான், குரூப் தியேட்டரில் தன்னோடு வேலை செய்த எட்டுப் பேரின் பெயரைச் சொன்னார். கசான் மகா கலைஞர். அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அந்த எட்டுப் பெயர்களை அவர் எடுத்த எந்தப் படமும் ஈடுகட்டாது.

சேலத்துக் கோர்ட்டுக் கட்டடத்தில் 1692-ஆம் ஆண்டின் விசாரணைப் பதிவுகளை மில்லர் ஒவ்வொரு தாளாகப் படித்தார். சார்லஸ் அப்பம் 1867-இல் எழுதிய பெரிய வரலாறும் அவர் கையில் இருந்தது. அதில் ஓர் இடம் அவரைப் பிடித்து நிறுத்தியது. எலிசபெத் ப்ராக்டரை விசாரிக்கும்போது, குற்றம் சாட்டும் சிறுமிகளில் ஒருத்தியான அபிகெய்ல் வில்லியம்ஸ் அவரை அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு வருகிறாள். மூடியிருந்த முஷ்டி நெருங்க நெருங்கத் தானே விரிகிறது. வேகம் குறைகிறது. விரல் நுனிகள் எலிசபெத்தின் தலைமூடித் துணியை லேசாகத் தொடுகின்றன. உடனே, விரல் எரிகிறது, எரிகிறது என்று அலறுகிறாள். அந்த விரிந்த கைக்குள்தான் மில்லர் தன் நாடகத்தைப் பார்த்தார். ப்ராக்டர் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று ஊகித்தார். உண்மையில் அபிகெய்லுக்கு அப்போது 11 அல்லது 12 வயது, ப்ராக்டருக்கு 60 வயது. மில்லர் அவளைப் பதினேழு வயதுப் பெண்ணாக்கினார், அவரை முப்பதுகளில் இருக்கும் குடியானவராக்கினார். நாடகத்தில் இந்த இருவருக்கும் இடையே வரும் கள்ளக்காதல் முழுக்க மில்லரின் கற்பனை.

ஜைல்ஸ் கோரியிடம் அவர் கற்பனைக்கு அவ்வளவு வேலை இருக்கவில்லை.

கோரி நல்லவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1670-களின் நடுவில், தன் பண்ணையில் வேலை செய்த ஜேக்கப் குடேல் என்பவரைத் தடியால் அடித்தார். அவர் செத்துப்போனார். கோரிக்குக் கிடைத்தது அபராதம் மட்டும். அந்த வழக்கில் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் பக்கத்துக்காரர் ஜான் ப்ராக்டரும் ஒருவர். பிறகு ப்ராக்டரின் வீடு தீப்பிடித்தபோது சந்தேகம் கோரி மேல் விழுந்தது. அன்று ராத்திரி வீட்டில் படுத்திருந்ததாக நிரூபித்துத் தப்பினார். நாடகத்தில் தோளோடு தோள் நிற்கும் இந்த இருவரும் நிஜத்தில் நீண்ட காலப் பகையாளிகள்.

1692 மார்ச்சில் அவருடைய மூன்றாவது மனைவி மார்த்தா மேல் சூனியக் குற்றச்சாட்டு வந்தது. மார்த்தா திருச்சபையில் சேர்ந்தவர், ஜெபத்தில் உறுதியானவர், சூனியக்காரிகள் என்று யாரும் இருப்பதாகவே தான் நம்பவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். சபையைச் சேர்ந்த இரண்டு பேர் அவரை விசாரிக்கக் கிளம்பினார்கள். போகும் வழியில், குற்றம் சாட்டிய ஆன் பட்னம் என்ற 12 வயதுச் சிறுமியிடம், மார்த்தாவின் ஆவி உன்னிடம் வரும்போது என்ன உடை உடுத்தியிருக்கிறது என்று கேட்டார்கள். இப்போது என் கண்ணை அவள் மறைத்துவிட்டாள், தெரியவில்லை என்றாள் சிறுமி. இவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் மார்த்தா சிரித்துக்கொண்டே கேட்டார்: நான் என்ன உடுத்தியிருக்கிறேன் என்று அவள் சொன்னாளா? ஊரில் நடப்பது தெரிந்த எந்தப் புத்திசாலிப் பெண்ணும் கேட்கக்கூடிய கேள்வி. வந்த இருவரும் அதையே சூனியத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் புருஷன் என்ன செய்தார்? பெண்டாட்டிக்கு எதிராக வாக்குமூலம் கொடுத்தார்.

மார்ச் 24 தேதியிட்ட அந்த வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. காட்டிலிருந்து நன்றாக வந்த மாடு முற்றத்தில் படுத்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் பின்னங்காலை இழுத்ததாம், பிறகு எழுந்துவிட்டதாம். பூனைக்குத் திடீரென்று ஏதோ ஆகி, செத்துவிடும் போல் இருந்ததாம், அதுவும் பிழைத்துக்கொண்டதாம். தான் படுத்த பிறகு மனைவி கணப்படுப்பின் முன்னால் முழங்காலிட்டு ஜெபம் செய்கிற மாதிரி இருப்பாளாம், சத்தம் மட்டும் கேட்காதாம். இவற்றோடு இன்னொன்றும் சொன்னார். ஒரு சனிக்கிழமை இரவு தான் ஜெபிக்க உட்கார்ந்தபோது வாயைத் திறக்கவே முடியவில்லை என்றார்.

மார்ச்சில் வாய் திறக்க முடியவில்லை என்று மனைவியைக் காட்டிக்கொடுத்த கிழவர், செப்டம்பரில் வாய் திறக்க மாட்டேன் என்று செத்தார். இந்த ஆறு மாதத்துக்குள் ஒரு மனிதருக்குள் நடந்த மாற்றத்தைவிடப் பெரிய நாடகத்தை மில்லராலும் எழுத முடியவில்லை என்றே சொல்லலாம்.

ஏப்ரல் 18-இல் கோரியையும் பிடித்தார்கள். பிறகு ஐந்து மாதச் சிறை. சிறையில் இருந்தபடி அவர் பார்த்தது எளிமையான ஒரு கணக்கு. ஒப்புக்கொண்டால் உயிர், மறுத்தால் கயிறு. சூனியம் செய்தேன், இன்னாரையும் அங்கே பார்த்தேன் என்று சொல்லி, சொன்னதில் நிலைத்து நின்ற ஒருவரைக்கூட அந்த ஆண்டு தூக்கில் போடவில்லை. முதன்முதலில் ஒப்புக்கொண்ட அடிமைப் பெண் டிட்யூபா பிழைத்தார். முடியாது என்றவர்களைத் தொங்கவிட்டார்கள். ரெபெக்கா நர்ஸ் என்ற 71 வயது மூதாட்டியை நிரபராதி என்று ஜூரிகள் ஒருமுறை சொல்லியும் பார்த்தார்கள். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன் அவர்களைத் திருப்பி அனுப்பினார். குற்றவாளி என்று மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஆகஸ்ட் 19 அன்று பழைய பகையாளி ப்ராக்டரும் போய்ச் சேர்ந்தார்.

செப்டம்பரில் கோரியைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். குற்றவாளி இல்லை என்றார். அடுத்து, கடவுளும் நாட்டாரும் தன்னை விசாரிக்கச் சம்மதம் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் அந்த ஒரு வாக்கியம் வராமல் விசாரணையே தொடங்காது. கோரி அதைச் சொல்லவில்லை. மீண்டும் கேட்டார்கள். சொல்லவில்லை.

கல்லுளிமங்கன் என்று நம் ஊரில் ஒரு சொல் உண்டே, அதன் அச்சு அசல் வடிவமாக நின்றார்.

வாய் திறக்காதவர்களுக்கு இங்கிலாந்தில் ஒரு பழைய தண்டனை இருந்தது. 1275-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடுஞ்சிறையாகத் தொடங்கி, நாளடைவில் பாரம் ஏற்றி நசுக்குவதாக மாறிய ஒன்று. மல்லாக்கப் படுக்கவைத்து, மேலே பலகை போட்டு, பலகையின் மேல் ஒவ்வொன்றாகக் கல்லை அடுக்குவார்கள். கொல்வது அதன் நோக்கம் என்று சட்டம் சொல்லவில்லை. பேசவைப்பதுதான் நோக்கம். மனிதத்தன்மையற்ற, கொடூரமான உடல் தண்டனைகள் கூடாது என்று மாசசூசெட்ஸ் குடியேறிகள் 1641-லேயே எழுதிவைத்திருந்தார்கள். அந்த எழுத்து அன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அமெரிக்க மண்ணில் கோர்ட்டு முறையில் இப்படி நசுக்கிக் கொல்லப்பட்டவராகப் பதிவில் இருப்பவர் ஜைல்ஸ் கோரி ஒருவரே.

இரண்டு நாள் பேசிப் பார்த்தார்கள். நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சூவெல் தன் நாட்குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். நான்டக்கெட்டிலிருந்து கார்டனர் என்ற கேப்டன், கோரிக்குப் பழக்கமானவர், அவரும் வந்து மன்றாடினார். பயனில்லை. செப்டம்பர் 18 அன்று அவருடைய சபை அவரை நீக்கியது. 19-ஆம் தேதி திங்கட்கிழமை நடுப்பகலில் அவர் உயிர் போயிற்று. கடைசி நேரத்தில் அழுத்தம் தாங்காமல் நாக்கு வெளியே தள்ளியது. அதை ஷெரீப் ஜார்ஜ் கார்வின் தன் கைத்தடியால் உள்ளே தள்ளினார். இதை 1700-இல் அச்சில் ஏற்றியவர் பாஸ்டன் வியாபாரி ராபர்ட் கேலஃப். இன்னும் பாரம் ஏற்று என்பதே கிழவரின் கடைசிப் பேச்சு என்று சேலத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். மில்லரும் அதை நாடகத்தில் எடுத்துக்கொண்டார். சூவெலும் கேலஃபும் அதை எழுதவில்லை. அதனால் என்ன? எண்பது வயதில் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு கிடந்ததே போதும்.

மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 22 அன்று, மார்த்தாவைத் தூக்கிலிட்டார்கள்.

ஏன் பேசவில்லை? நிலம் பறிபோகாமல் பிள்ளைகளுக்குச் சேர வேண்டும் என்பதற்காக, என்கிறது நாடகம். ஆனால் கோரி ஜூலையிலேயே, இப்ஸ்விச் சிறையில் இருந்தபடி, சொத்தை இரண்டு மருமகன்கள் பெயருக்கு எழுதிவிட்டார். கேலஃப் சொல்லும் காரணம் நேரானது: விசாரணைக்குப் போன ஒருவரும் தப்பவில்லை, தனக்கு எதிராகவும் அதே சாட்சிகள்தான் வரப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கோர்ட்டுக்குத் தன் சம்மதத்தைத் தர அவர் மறுத்தார். வேலையாளை அடித்துக் கொன்றவர், பெண்டாட்டிக்கு எதிராகச் சாட்சி சொன்னவர், அந்த ஊரிலேயே மிகத் துணிச்சலான காரியத்தைச் செய்தார். புனிதர்கள் துணிவதில் வியப்பில்லை. இந்த மனிதர் துணிந்ததுதான் வியப்பு.

ஸ்டௌட்டன் கடைசிவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. சூவெல் தெரிவித்தார். 1697 ஜனவரியில் பாஸ்டன் தேவாலயத்தில் பாதிரியார் தன் மன்னிப்புக் கடிதத்தை வாசிக்க, சபை நடுவே எழுந்து நின்றார். வரலாறு சூவெலைக் கொஞ்சம் மரியாதையோடு நினைக்கிறது என்றால் அது நியாயமே.

மில்லரின் நாடகம் 1953 ஜனவரி 22 அன்று நியூயார்க்கின் மார்ட்டின் பெக் தியேட்டரில் மேடையேறியது. முதல் நாள் அரங்கம் உறைந்துபோய் உட்கார்ந்திருந்ததாக மில்லரே பின்னாளில் எழுதினார். 197 காட்சிகள் ஓடியது, டோனி விருதும் வாங்கியது. அந்த ஆண்டு ஜூன் 19 அன்று, சோவியத்துக்காக உளவு பார்த்ததாகத் தண்டிக்கப்பட்ட ரோசன்பர்க் தம்பதியர் சிங் சிங் சிறையில் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். அன்றிரவு ப்ராக்டர் சாகும் காட்சி முடிந்ததும் கைதட்டல் வரவில்லை, பார்வையாளர்கள் எழுந்து தலைகுனிந்து மௌனமாக நின்றார்கள் என்று மில்லர் தன் சுயசரிதையில் குறிப்பிடுகிறார்.

1954-இல் பிரஸ்ஸல்ஸில் நாடகம் மேடையேறியபோது மில்லருக்கு பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. 1956-இல் கமிட்டி அவரிடம் கேட்டது 1692-இன் அதே கேள்வி: அங்கே வேறு யாரைப் பார்த்தாய்? பெயரைச் சொல்லவில்லை. அவமதிப்புக் குற்றம் சாட்டப் பிரதிநிதிகள் சபையில் 373 பேர் ஆதரவாகவும் 9 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். அந்த அறையில் நடந்த கேள்வி பதில், மர்லின் மன்றோவுடன் திருமணம், தண்டனை, 1958-இன் மேல்முறையீடு எல்லாம் அடுத்த வாரம்.

கோரியின் கணக்கு மட்டும் இங்கே முடிய வேண்டும். அவர் செத்த பிறகு சொத்தைப் பறிமுதல் செய்வேன் என்று ஷெரீப் மிரட்டியதாகவும், பயந்துபோய் 11 பவுண்டு 6 ஷில்லிங் கொடுத்ததாகவும் அவருடைய மகள் குடும்பத்தார் 1710-இல் மனு எழுதினார்கள். 1711-இல் மாசசூசெட்ஸ் அரசு இழப்பீடு ஒதுக்கியது. ஜான் ப்ராக்டர், எலிசபெத் பெயரில் 150 பவுண்டு. ஜைல்ஸ் கோரி, மார்த்தா இருவருக்கும் சேர்த்து 21 பவுண்டு.

(தொடரும்)