நண்டின் ஓடும் புழுவின் தோலும்: பாக் விரிகுடா பற்றி விவசாயிகள் அறிய வேண்டியவை

அரிமளம் பகுதி விவசாயிகளுக்குக் கடல் ஒரு தூரத்து விஷயமாகத் தோன்றலாம். அறந்தாங்கி தாண்டிப் போனால்தான் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் வரும். ஆனால் மழைக்காலத்தில் கண்மாய் நிறைந்து, கலுங்கு தாண்டி ஓடும் உபரி நீர் கடைசியில் போய்ச் சேரும் இடம் அந்தக் கடல்தான். அங்கே பிடிபடும் இறால், நண்டின் ஓடு உங்கள் வயலுக்கு உரமாகத் திரும்பி வரவும் முடியும். எனவே அந்தக் கடலையும், அதில் வாழும் முதுகெலும்பில்லாத உயிரினங்களையும் ஓரளவு தெரிந்துகொள்வது விவசாயத்துக்கும் நல்லது.

ஆழமில்லாத கடல்

புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை கட்டுமாவடியில் தொடங்கி, மணமேல்குடி, மீமிசல் வழியாகத் தெற்கே போகிறது. இதன் எதிரே இருப்பது பாக் விரிகுடா. வடக்கே கோடியக்கரை, தெற்கே இராமேசுவரம் தீவு, கிழக்கே இலங்கை என மூன்று பக்கமும் அணைத்த கடல் இது. சராசரி ஆழம் 10 மீட்டருக்கும் குறைவு. அதாவது ஒரு நடுத்தரக் கிணற்றின் ஆழம்தான். அதனால் சூரிய ஒளி அடிமண் வரை எட்டி, கடற்புல் வயல்போல் வளர்கிறது. கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்ற கடல் பசுவைக் காக்க, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ல் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. பாசன நீரின் மின் கடத்தும் திறன் 3 டெசிசீமனைத் தாண்டினாலே பல பயிர்கள் திணறும். கடல்நீரில் அது சுமார் 50. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று நீர் கலந்து, கரையோரத்தில் இந்த உப்பு குறையும். நம் மாவட்டத்தின் தெற்கு வெள்ளாறும் இந்த விரிகுடாவில்தான் கலக்கிறது.

கடலின் மண்புழு

முதுகெலும்பில்லாத கடல் உயிர்களில் முக்கியமானவை இவை:

• கடற்பஞ்சு: நீரை உறிஞ்சி வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்ணும்.
• பவளம், சொறி: கொட்டும் செல்களால் இரை பிடிப்பவை.
• சங்கு, சிப்பி, கணவாய்: மெல்லுடலிகள்.
• இறால், நண்டு: கணுக்காலிகள். பூச்சிகளும் இதே இனக்கூட்டம்தான்.
• நட்சத்திர மீன், கடல் அட்டை: முட்தோலிகள். உப்பு குறைந்தால் தாங்காதவை. நன்னீரில் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஓர் உயிர்கூட இல்லை.

இவற்றில் கடல் அட்டையின் வேலை உங்களுக்கு உடனே புரியும். அது அடிமண்ணை விழுங்கி, அதிலுள்ள மட்கை மட்டும் செரித்து, மணலைத் திரும்ப வெளியே தள்ளும். வயலில் மண்புழு செய்வதும் அதுதான். உலகிலேயே முதன்முறையாக 1988-ல் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் வெள்ளைக் கடல் அட்டையைக் குஞ்சு பொரிக்கச் செய்தனர். ஆனால் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதால், 2001-ல் கடல் அட்டைகள் அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. எதிர்க்கரையில், யாழ்ப்பாணம், மன்னார் பகுதிகளில் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். இங்கே பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். "நல்ல லாபம், பணம் போடுங்கள்" என்று யார் அழைத்தாலும் ஒதுங்கிவிடுங்கள்.

மருந்து தெளிக்கும்முன் யோசியுங்கள்

நண்டு, இறாலின் ஓட்டிலும் புழு, பூச்சியின் தோலிலும் இருப்பது ஒரே பொருள்: கைட்டின். இரண்டும் வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றிப் புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டும். நீல நண்டின் ஒரு சினை நண்டு பல லட்சம் முட்டைகளைச் சுமக்கும். பொரிக்கும் குஞ்சு நான்கைந்து முறை தோலுரித்த பிறகுதான் நண்டின் உருவத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் அது மிக மென்மையாக இருக்கும்.

நோவலூரான், லூஃபெனூரான் போன்ற மருந்துகள் புழுவின் தோலில் கைட்டின் உருவாவதைத் தடுத்துக் கொல்பவை. நண்டும் இறாலும் அதே முறையில் பாதிக்கப்படும். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் இறால் இனத்துக்கு மிகக் கொடிய நஞ்சு. கடலுக்குப் போகும்முன் முதலில் அடிபடுவது உங்கள் கண்மாயிலும் வாய்க்காலிலும் வாழும் நண்டும் இறாலும்தான். அவை சாவதைக் கண்டால், மருந்து வயலைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

• மழை வரும் அறிகுறி இருந்தால் தெளிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.
• தெளித்த வயலின் நீரைச் சில நாள் வடிக்காதீர்கள்.
• கைத்தெளிப்பானை வாய்க்காலில் கழுவாதீர்கள்.
• வரப்போரம் புல் வளர விடுங்கள். வழிந்தோடும் மண்ணையும் உரத்தையும் அது பிடித்து நிறுத்தும்.
• யூரியாவைப் பிரித்து இடுங்கள். மிகுதியான தழைச்சத்து கடலில் சேர்ந்தால் பாசி பெருகும். பாசி மறைத்தால் கடற்புல் ஒளியின்றி அழியும். இளம் இறாலுக்கு மறைவிடம் அந்தப் புல்தான்.

ஓட்டுக் கழிவு உரம்

இறால், நண்டு ஓட்டில் கைட்டினுடன் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் உண்டு. ஓடு மண்ணில் சேர்ந்தால், கைட்டினைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகும். வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டை ஓட்டிலும் கைட்டின் இருப்பதால், அந்த நுண்ணுயிர்கள் அதையும் சிதைக்கும். கத்தரி, வெண்டை, தக்காளி போடுபவர்களுக்கு இது பயன்படும். நூற்புழுவை முழுவதும் ஒழித்துவிடும் என்று எண்ண வேண்டாம். பயிர் சுழற்சியும் தொழு உரமும் தொடர வேண்டும்.

1. பச்சை ஓட்டை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். உப்பு போக வேண்டும். கருவாட்டுக் கழிவைச் சேர்க்காதீர்கள்.
2. வெயிலில் காயவைத்து நொறுக்குங்கள்.
3. ஒரு பங்கு ஓட்டுத்தூளுக்குப் பத்துப் பங்கு சாணமும் வைக்கோலும் எனக் கலந்து குவியுங்கள். தைல மரச் சருகு மட்க நாளாகும், தவிர்க்கவும்.
4. பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரம் வையுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் வைக்கோலை அதிகமாக்குங்கள். நாய், ஈ அண்டாமல் மண்ணால் மூடுங்கள்.
5. மூன்று மாதத்தில் மட்கும். நடவுக்கு மூன்று வாரம் முன்பு இடுங்கள்.

மட்கிய உரத்தின் மின் கடத்தும் திறன் 4 டெசிசீமனைத் தாண்டக் கூடாது. ஓட்டில் சுண்ணாம்பு இருப்பதால், அமிலத்தன்மை உள்ள செம்மண், செம்புரை மண்ணுக்கு இது ஏற்றது. களர், உவர் நிலத்தில் இடாதீர்கள். முதல் முறை பத்து சென்ட்டில் மட்டும் போட்டுப் பாருங்கள். மண் பரிசோதனை முடிவை வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி ஆலோசனை கேட்கலாம்.

வாங்கும்போது

சினை நண்டை வாங்காதீர்கள். வயிற்றின் அடியில் மஞ்சளாகவோ கருஞ்சாம்பலாகவோ முட்டைத் திரள் தெரியும். வாங்க ஆள் இல்லை என்றால், பிடித்தவர் அதைக் கடலிலேயே விட்டுவர வழி பிறக்கும். விதைநெல்லைச் சமைக்காத நமக்கு இதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.