பெர்க்லிக்காரர்கள் மறக்காத ஆட்டங்கள்



"சார், இரண்டு மாதமாகப் பதிவையே காணோமே, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நலமாக இருக்கிறேன். கலிபோர்னியாவில், பெர்க்லி என்ற ஊரில், மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்குள்ள பல்கலைக்கழகத்தில் தமிழுக்கென்று ஓர் இருக்கை உண்டு. சார் அதைப் பற்றித்தான் எழுதுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று எழுதப்போவது அதே பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியைப் பற்றி. சிரிக்காதீர்கள். ஆண்டு ஆண்டாகக் கேட்டு உங்களை வாட்டியவனுக்கு இந்த ஊர்க்காரர்கள் ஆட்டத்தின் தேதியையும் புள்ளியையும் மனப்பாடமாகச் சொல்வதைக் கேட்டால் பொறாமையாக இருக்கிறது. பானிப்பட்டுக்கு உங்களில் ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை.

கால்பந்து என்றதும் நம் ஊர் ஆட்டத்தை நினைக்க வேண்டாம். இது அமெரிக்கக் கால்பந்து. பந்து இரு முனையும் கூராக இருக்கும். கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், எப்போதாவது உதைப்பார்கள். எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு தாண்டினால் 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி. இந்தக் கதைக்கு இன்னும் மூன்று விதிகள் தெரிந்தால் போதும். பந்து வைத்திருப்பவனைப் பிடிக்கும்போது அவன் முழங்கால் தரையில் பட்டுவிட்டால் அந்த ஓட்டம் அதோடு முடிந்தது. பக்கவாட்டிலோ பின்னாலோ இருக்கும் தன் ஆளுக்கு அவன் பந்தை எத்தனை முறை வேண்டுமானாலும் தள்ளிவிடலாம். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டாலும், நடந்துகொண்டிருக்கும் ஓட்டம் முடியும்வரை ஆட்டம் முடியாது.

மாலை நடையில் எனக்குத் துணை எதிர்வீட்டுப் பெரியவர். இங்கேயே படித்து இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் அவர் என்னை மலையடிவாரத்திலுள்ள மைதானத்துக்கு அழைத்துப் போனார். முதல் உலகப்போரில் இறந்த கலிபோர்னியர்களின் நினைவாக 1923இல் கட்டியது. ஹேவர்டு நிலநடுக்கப் பிளவு மைதானத்துக்கு அடியிலேயே ஓடுகிறது! மேலே ஒரு குன்று. சீட்டு வாங்கக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் அங்கே ஏறி உட்கார்ந்து இலவசமாகப் பார்ப்பார்கள். அதன் பெயரே கஞ்சர் குன்று. டூரிங் டாக்கீஸுக்கு வெளியே மரத்தில் ஏறிப் படம் பார்த்த என் வயதுக்காரர்களுக்கு இது புரியும். அந்தக் குன்றில் ஒரு பீரங்கி இருக்கிறது. பெர்க்லி அணி புள்ளி எடுத்தால் வெடிக்கும்.

"உங்கள் அணியின் ஆட்டங்களில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது?" என்று கேட்டேன். "நான் பார்க்காமல் விட்ட ஆட்டம்" என்றார்.

1982 நவம்பர் 20. எதிரணி ஸ்டான்ஃபோர்ட். இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள பல்கலைக்கழகம், பெர்க்லிக்குப் பரம்பரைப் பங்காளி. இருவரும் முதன்முதலில் மோதியது 1892இல். அன்று மைதானத்துக்குப் பந்து கொண்டுவரவே மறந்துவிட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். 1982இல் ஸ்டான்ஃபோர்டின் தளபதி ஜான் எல்வே. பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் பெரும் பெயர் எடுத்தவர். அன்று அவருக்குக் கல்லூரியில் கடைசி வழக்கமான ஆட்டம். அதில் வென்றால்தான் பருவத்துக்குப் பிறகு நடக்கும் சிறப்பு ஆட்டம் ஒன்றுக்கு அழைப்பு.

கடைசி நிமிடத்தில் பெர்க்லி 19, ஸ்டான்ஃபோர்ட் 17. ஸ்டான்ஃபோர்டுக்குக் கடைசி வாய்ப்பு, போகவேண்டியது 17 கெஜம். எல்வே 29 கெஜத்துக்கு எறிந்து அணியைக் காப்பாற்றினார். பிறகு மார்க் ஹார்மன் கம்பங்களுக்கு நடுவே உதைத்தார். ஸ்டான்ஃபோர்ட் 20, பெர்க்லி 19. கடிகாரத்தில் மிச்சம் 4 விநாடி.

எங்கள் பெரியவர் அப்போதுதான் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் மட்டுமல்ல, இன்னும் பலரும். 4 விநாடியில் என்ன ஆகிவிடும்?

ஸ்டான்ஃபோர்ட் ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் ஓடிவந்து குதித்ததற்குத் தண்டனையாக 15 கெஜம் பின்னால் தள்ளி உதைக்கச் சொன்னார்கள். தரையோடு வந்த பந்தைப் பெர்க்லியின் கெவின் மோயன் எடுத்தார். நெருக்கினார்கள், ரிச்சர்ட் ரோஜர்ஸிடம் தள்ளினார். ரோஜர்ஸ் டுவைட் கார்னரிடம். கார்னரை ஒரு கும்பலே வளைத்துக்கொண்டது. விழப்போகும் கணத்தில் பந்து மறுபடி ரோஜர்ஸ் கைக்கு வந்தது. ஆட்டம் முடிந்தது என்று நினைத்து, எல்லைக்கு வெளியே நின்றிருந்த ஸ்டான்ஃபோர்டின் பேண்டு வாத்தியக் குழு முழுக்க மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. ரோஜர்ஸ் மாரியட் ஃபோர்டிடம் கொடுத்தார். ஃபோர்ட் விழுந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்தார். அங்கே மோயன்! அவர் வாத்தியக்காரர்களுக்கு நடுவே புகுந்து ஓடி எல்லையைத் தாண்டி, டிராம்போன் வாசிப்பவர் ஒருவர் மேல் மோதி விழுந்தார். கேரி டிரெல் என்பது அவர் பெயர். அந்த டிராம்போன் இன்று கல்லூரிக் கால்பந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மோதியவரும் மோதப்பட்டவரும் பிறகு நண்பர்களாகிவிட்டார்கள்.

நடுவர் சார்லஸ் மாஃபெட் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. சக நடுவர்களைக் கூட்டி, எல்லாத் தள்ளல்களும் பின்னோக்கித்தான் போயினவா என்று கேட்டார். இன்று இருப்பதுபோல் படம் போட்டுப் பார்க்கும் வசதி அன்று கிடையாது. பிறகு இரு கைகளையும் உயர்த்தினார். பெர்க்லி 25, ஸ்டான்ஃபோர்ட் 20. பீரங்கி வெடித்தது. தெருவில் நடந்துகொண்டிருந்த நம் பெரியவருக்குத் தெரிந்தது அந்தச் சத்தம் மட்டும்தான். "திரும்பி ஓடினேன். என்னைப்போல நூறு பேர் ஓடினார்கள். ஆனால் இன்று யாரைக் கேட்டாலும் கடைசிவரை உள்ளே இருந்ததாகத்தான் சொல்வார்கள்" என்றார். நமக்குப் புதிதா? 1967 தேர்தல் முடிவு வந்த அன்று தான் சென்னையில் இருந்ததாகச் சொல்லாத ஆளை எனக்குத் தெரியாது.

இது ஒருதரப்புச் சாட்சியம். வரலாற்று ஆசிரியன் மறுதரப்பையும் கேட்கவேண்டும் அல்லவா? மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் ஸ்டான்ஃபோர்டில் படித்தவர். சாப்பிட வந்தபோது பேச்சை எடுத்தேன். சோற்றில் ரசம் ஊற்றியது ஊற்றியபடி இருக்க, "கார்னரின் முழங்கால் தரையில் பட்டுவிட்டது" என்று ஆரம்பித்தார். கைப்பேசியில் அந்தப் பழைய படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். நானும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். சுற்றிலும் உடல்கள், முழங்கால் தெரியவே இல்லை. தெரியாததை வைத்துத்தான் இத்தனை வருட வழக்கு.

தோற்ற மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. நான்கே நாளில் பெர்க்லி மாணவர் பத்திரிகையைப்போலவே போலிப் பதிப்பு ஒன்றை அச்சடித்து, வெற்றி ஸ்டான்ஃபோர்டுக்கே என்று மேலிடம் தீர்ப்பு மாற்றிவிட்டதாகச் செய்தி போட்டுப் பெர்க்லியில் விநியோகித்தார்கள். நம்பிக் கலங்கியவர்களும் உண்டாம்.

எனக்கு மிகவும் சுவையாக இருந்தது கோடாரிக் கதை. 1899இல் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் உற்சாகக் கூச்சலுக்காக ஒரு கோடாரி கொண்டுவந்தார்கள். பெர்க்லி மாணவர்கள் அதைப் பறித்துப் பல வருடம் வங்கிப் பெட்டகத்தில் வைத்திருந்தார்கள். 1930இல் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் 21 பேர் தந்திரமாக மீட்டார்கள். இனித் திருட்டு வேண்டாம், ஆண்டுதோறும் ஜெயிப்பவர் வைத்துக்கொள்ளட்டும் என்று 1933இல் ஒப்பந்தம். அந்தக் கோடாரிப் பலகையில் எல்லா ஆட்டத்தின் புள்ளிகளும் பொறித்திருக்கும். பெர்க்லி கையில் இருக்கும்போது 1982க்கு நேரே 25–20. ஸ்டான்ஃபோர்ட் கைக்குப் போனால் அதையே 20–19 என்று மாற்றிவிடுகிறார்கள்! 2010 முதல் 2018 வரை ஒன்பது ஆண்டும் ஸ்டான்ஃபோர்டே தொடர்ந்து வென்றது. அந்தக் காலமெல்லாம் பலகையில் பெர்க்லி தோற்றுத்தான் கிடந்தது. கல்வெட்டை யார் வெட்டினார், எப்போது வெட்டினார் என்று முதலில் கேளுங்கள் என வகுப்பில் சொல்வேனே, அந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு அன்று கிடைக்கவில்லை.

இனி வேறொரு ஆட்டம். பெரியவர் பிறப்பதற்கு முன் நடந்தது. அவருக்கு அவர் அப்பா சொன்னது. இதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிட்டது.

1929 ஜனவரி 1, பாசடீனா நகரில் ரோஸ் பவுல் ஆட்டம். எதிரணி ஜார்ஜியா டெக். இரண்டாம் கால் பகுதியில் எதிராளி கைநழுவவிட்ட பந்தைப் பெர்க்லியின் ராய் ரீகல்ஸ் எடுத்தார். தடுக்க வந்தவர்களிடமிருந்து விலகித் திரும்பியதில் திசை மாறிவிட்டது. தன் அணியின் எல்லையை நோக்கியே சுமார் 65 கெஜம் ஓடினார். பின்னாலேயே சக வீரர் பென்னி லாம் கத்திக்கொண்டு ஓடினார். அரங்கமே அலறியது. தன்னை உற்சாகப்படுத்துகிறார்கள் என்றுதானே ஓடுகிறவனுக்குத் தோன்றும்? எல்லைக்குச் சில அடி முன்னால் லாம் பிடித்து நிறுத்தினார். அதற்குள் எதிரணியினர் வந்து விழுத்திவிட்டார்கள். அடுத்து பெர்க்லி உதைத்த பந்தைத் தடுத்து ஜார்ஜியா டெக் 2 புள்ளி பெற்றது. ஆட்டம் முடிந்தபோது 8–7. ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த 2 புள்ளி யாருடையது என்று.

நான் சொல்ல வந்தது இடைவேளையைப் பற்றி. ரீகல்ஸ் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மூலையில் முகம் புதைத்து அழுதார். பயிற்சியாளர் நிப்ஸ் பிரைஸ் திட்டவில்லை. முதல் பாதியைத் தொடங்கியவர்களே இரண்டாம் பாதியையும் தொடங்குவார்கள் என்று மட்டும் அறிவித்தார். தன்னால் முடியாது, உங்களையும் பல்கலைக்கழகத்தையும் கெடுத்துவிட்டேன் என்று ரீகல்ஸ் மறுத்தார். எழுந்து போ, ஆட்டம் பாதிதான் முடிந்திருக்கிறது என்றார் பிரைஸ். ரீகல்ஸ் போனார். எதிரணியின் உதை ஒன்றைத் தடுத்தார். அந்தப் பாதியில் அவர் ஆடியது அற்புதம் என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு அவரையே அணித்தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். "தப்புப் பக்கம்" என்ற பட்டப்பெயர் மட்டும் 1993இல் இறக்கும்வரை அவரை விடவில்லை. 1964இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜிம் மார்ஷல் என்ற தொழில்முறை வீரர் இதேபோல் எதிர்த்திசையில் ஓடியபோது, நம் சங்கத்துக்கு வருக என்று அவருக்குக் கடிதம் போட்டவர் ரீகல்ஸ்தான்.

அண்மைக் காலத்திலும் ஒன்று உண்டு. இது மகள் சொன்னது. 2007 அக்டோபர் 13. பெர்க்லி நாட்டில் இரண்டாம் இடத்தில் இருந்தது. முதலிடத்து அணி அன்றே தோற்றிருந்தது. ஒரிகன் ஸ்டேட்டை வென்றால் முதலிடம் கைக்கெட்டும் தூரத்தில். புதிதாக இறக்கப்பட்ட இளைஞன் கெவின் ரைலி, கடைசி விநாடிகளில் பந்தை வெளியே எறியாமல் தானே ஓடிப் பிடிபட்டான். கடிகாரம் ஓடிவிட்டது. 31–28 தோல்வி. எல்லையில் நின்ற பயிற்சியாளர் ஜெஃப் டெட்ஃபோர்ட் கொதித்தது படத்தில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதே டெட்ஃபோர்ட், அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று டெக்சாஸில் விமானப்படைக் கல்லூரியிடம் 0–21 என்று பின்தங்கியபோது யாரை இறக்கினார் தெரியுமா? ரைலியைத்தான். 42–36 என்று பெர்க்லி வென்றது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் உங்களில் சிலருக்குத் தெரியும்.

நம் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த இரண்டு வருடம் கால்பந்து அணி என் பொறுப்பில் இருந்தது. வட்டார ஆட்டம் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சேம் சைடு கோல் போட்டுவிட்டான். இடைவேளையில் அழுதுகொண்டு நின்றவனை நான் வெளியே உட்காரவைத்தேன். அதோடு விட்டேனா? மறுநாள் வகுப்பில், திசை தவறிக் கப்பல் ஓட்டிய ஒருவரின் பெயரைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்து அவனுக்கு வைத்தேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பெயர் அவன் பள்ளியை விட்டுப் போகும்வரை நிலைத்தது. மைதானப் பக்கம் அவன் பிறகு வரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை.

அவன் இப்போது என் பதிவுகளுக்கெல்லாம் முதல் ஆளாக "வணக்கம் சார்" போடுகிறான். இதையும் படிப்பான்.

தம்பி, அன்று இரண்டாம் பாதியில் உன்னை இறக்கியிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை. என்னை மன்னித்துவிடு. பொங்கலுக்கு முன் ஊருக்கு வந்துவிடுவேன். உன் மகனும் பந்து ஆடுகிறான் என்று கேள்விப்பட்டேன். அவன் ஆட்டம் எந்தக் கிழமை, எந்த மைதானம் என்று சொல், வந்து பார்க்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீழே கருத்து எழுதும்போது அந்தப் பட்டப்பெயரை யாரும் எழுதாதீர்கள்.