நெல்சன் வெறுத்த இடத்துக்கு நெல்சனின் பெயர்

அன்ரிகுவா எண்டதும் எங்களுக்கு முதல்ல ஞாபகம் வாறது கிரிக்கெட்தான். விவியன் றிச்சட்ஸ் பிறந்த தீவு. 2007 உலகக் கிண்ணத்தில் இலங்கை இங்கிலாந்தை 2 ஓட்டங்களால் வென்றதும் அவருடைய பெயரில் அங்குள்ள மைதானத்தில்தான். கடைசிப் பந்து வரைக்கும் போன அந்த மட்ச்சைப் பற்றி அண்ணாமார் இப்பவும் கதைப்பினம். அதே தீவின் தென்கரையில் இங்கிலிஷ் ஹாபர் என்ற சின்னத் துறைமுகம் ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் இருக்கிற 'நெல்சன்ஸ் டொக்யாட்' பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டொக்யாட் எண்ட சொல் திருகோணமலைக்காரருக்குப் புதிசில்லை. 1957 வரைக்கும் அங்கேயும் பிரித்தானியக் கடற்படை இருந்தது. கப்பல்களைத் திருத்தி, தண்ணீரும் சாமானும் ஏற்றி, திரும்பக் கடலுக்கு அனுப்புகிற இடம்தான் டொக்யாட். அன்ரிகுவாவில் இருப்பது 18ஆம் நூற்றாண்டு டொக்யாட். பாழடைந்து கிடந்ததைத் திருத்தி எடுத்து, இண்டைக்கு முழுத்தீவுக்கும் பேர் வாங்கித் தருகிற உல்லாசப் பயண இடமாக வைத்திருக்கிறார்கள்.

எங்களில ஒருத்தரும் அங்க போனதில்லை. ஆனால் ஒரு பயணி அங்கே என்ன பார்க்கிறார் என்பதை வரைபடமும் படங்களும் கட்டடங்களின் கதையும் வைத்துச் சொல்லலாம். உள்ளே போனால் செங்கல், கல் கட்டடங்கள். முன்பு செப்புத் தகடும் மரமும் அடுக்கி வைத்த களஞ்சியம் பின்னாளில் ஹொட்டேலானது. கீலும் தாரும் வைத்திருந்த 1788ஆம் ஆண்டுக் கட்டடமும் இப்போது 'அட்மிரல்ஸ் இன்' என்ற விடுதி. அதுக்குப் பக்கத்தில் ஒன்றையும் தாங்காமல் வரிசையாக நிற்கிற தடித்த கல்தூண்கள். அவை ஒரு காலத்தில் படகு வீட்டையும், அதற்கு மேலே பாய் தைக்கிற மாடியையும் தாங்கினவை. 1871 சூறாவளி மேல்பாகத்தைக் கொண்டுபோய்விட்டது. கரையில் கோடீஸ்வரர்களின் பாய்க்கப்பல்கள். நடுவில் 'அட்மிரலின் வீடு' என்ற நூதனசாலை.

அந்த வீடு 1855இல் கட்டப்பட்டது. நெல்சன் செத்தது 1805இல். எந்த அட்மிரலும் குடியிருக்காத வீட்டுக்கு அட்மிரலின் பெயர். அந்த இடத்தையே வெறுத்த ஒருவரின் பெயர் முழு டொக்யாட்டுக்கும். அப்ப அங்க உண்மையிலேயே வேலை செய்த ஆக்கள் யார்? அவர்களுடைய பெயர் எங்க?

கப்பலை ஏன் சாய்க்க வேண்டும்?

18ஆம் நூற்றாண்டில் பிரித்தானியாவுக்குப் பெரிய பணம் வந்தது கரிபியனில் விளைந்த சீனியிலிருந்து. அன்ரிகுவா 1632இல் ஆங்கிலேயக் குடியேற்றமானது. பிறகு தீவே கரும்புத் தோட்டமானது. பக்கத்துத் தீவான குவாதலூப் பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. டொக்யாட்டுக்கு மேலே இருக்கிற ஷேர்லி ஹைற்ஸ் குன்றில் ஏறி நின்றால், வானம் தெளிவான நாளில் குவாதலூப் கண்ணுக்குத் தெரியும். எதிரி அவ்வளவு கிட்ட. (அடிமைமுறை ஒழிந்த பிறகு, 1854 தொடக்கம் தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கொண்டுபோகப்பட்ட தீவு அதுதான். அது வேறொரு கட்டுரைக்கான கதை.)

சீனியைக் காக்கப் போர்க்கப்பல் வேணும். போர்க்கப்பலுக்கு அந்தக் கடலில் இருந்த பெரிய எதிரி புழு. வெப்பக் கடலில் மரத்தைத் துளைக்கிற கடற்புழு கப்பலின் அடிப்பலகையைச் சல்லடையாக்கிவிடும். பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொண்டால் வேகம் குறையும். ஒவ்வொரு முறையும் திருத்த வட அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ அனுப்பினால் மாதக்கணக்கில் கடல் காவலில்லாமல் கிடக்கும். அதனால் சூறாவளிக்கு ஒதுங்கக்கூடிய, வாய் ஒடுங்கிய, சுற்றிவரக் குன்றுள்ள இங்கிலிஷ் ஹாபரைத் தெரிவு செய்தார்கள். 1720களில் துறைமுகத்தின் கிழக்குக் கரையில் வேலை தொடங்கியது. இப்போது நாங்கள் பார்க்கிற மேற்குக் கரைத் தளம் 1740களில் ஆரம்பித்தது. நிற்கிற கட்டடங்களில் பல 1780களுக்குப் பிறகு வந்தவை.

திருத்த வேலை இப்படி நடக்கும். முதலில் பீரங்கி, வெடிமருந்து, சாமான், அடிப்பாரம் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். பிறகு பாய்மரத்தில் தடித்த கயிறு கட்டி, கரையில் நட்டிருக்கிற பெரிய மர உருளைகளில் சுற்றி இழுப்பார்கள். உருளையில் செருகின தடிகளைப் பிடித்துப் பலர் வட்டமாகத் தள்ளத் தள்ள, முழுக் கப்பலும் ஒருபக்கம் சரிந்து அடிப்பாகம் தண்ணிக்கு வெளியே வரும். பாசியைச் சுரண்டி, நெருப்புக் காட்டிச் சுட்டு, பலகை இடுக்குகளில் நார் செருகிக் கீல் பூச வேண்டும். எங்கட கரையோரத்தில் இதுக்கு 'கலப்பத்து' எண்டு பேர். 18ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் இதோடு செப்புத் தகடு அடிக்கும் வேலையும் சேர்ந்தது. ஒரு பக்கம் முடிந்தால் கப்பலைத் திருப்பி மற்றப் பக்கம்.

அந்த உருளைகள் இண்டைக்கும் கரையில் இருக்கின்றன. பயணிகள் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். அவற்றைத் தள்ளின கைகள் யாருடையவை என்பதுதான் அடுத்த விசயம்.

கட்டினவர்கள்

டொக்யாட்டைக் கட்டியதிலும் நடத்தியதிலும் பெரும்பங்கு ஆபிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டு அடிமையாக்கப்பட்ட மக்களுக்கு. தோட்ட முதலாளிகள் தங்கள் 'சொத்தில்' இருந்து ஆட்களை அனுப்பினார்கள். கடற்படையும் தன் பங்குக்கு ஆட்களை விலைக்கு வாங்கியது. ஆவணங்களில் அவர்களை 'அரசனின் நீக்ரோக்கள்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது முதலாளி பிரித்தானிய அரசு. அடிமைமுறை தனியார் தோட்டக்காரர் செய்த பாவம் மட்டும் எண்டு கதைக்கிறவைக்கு இந்த ஒரு சொற்றொடரே போதும்.

இவர்களைக் கல் சுமந்த கூலிகள் என்று மட்டும் நினைக்கக் கூடாது. கப்பல் தச்சு, கலப்பத்து, கொல்லு வேலை, பாய் தைத்தல், கல்வேலை என்று கைதேர்ந்த தொழிலாளிகள் அவர்களில் இருந்தார்கள். நெல்சனின் காலத்துக் கடற்படை கரிபியனில் மிதந்தது இந்தத் திறமையில்தான்.

அந்தத் தீவில் பயமும் இருந்தது. 1736இல் அடிமைகள் முழுத்தீவையும் கைப்பற்றத் தீட்டிய ஒரு திட்டம் வெளியே தெரிந்துவிட்டது. அதன் தலைவர், ஆங்கிலேயர் 'கோட்' என்று அழைத்த பிரின்ஸ் கிளாஸ், சக்கரத்தில் கட்டி எலும்பு முறித்துக் கொல்லப்பட்டார். மொத்தம் 88 பேரைக் கொன்றார்கள். பெரும்பாலானோரை உயிரோடு எரித்தார்கள். இண்டைக்கு பிரின்ஸ் கிளாஸ் அந்த நாட்டின் தேசிய வீரர். டொக்யாட்டின் மேற்குக் கரை எழுந்தது இந்தக் கொலைகள் நடந்து பத்து வருசத்துக்குள்.

அந்த நாட்களிலேயே, 1744 மார்ச் 8ஆம் திகதி, டொக்யாட்டில் நடந்த ஒரு வெடிவிபத்தில் அடிமைப்படுத்தப்பட்ட எட்டு ஆபிரிக்கர்கள் இறந்தார்கள். போர்க்களம் இல்லை, எதிரி இல்லை. வேலைத்தளத்தில் செத்த தொழிலாளிகள். இந்தத் திகதியை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

நெல்சன்

ஹொரேஷியோ நெல்சன் இங்கே வந்தது 1784இல், 'போரியஸ்' என்ற கப்பலின் தலைவனாக. வயது இருபத்தைந்து. கிட்டத்தட்ட எங்கட வயசு. 1787 வரை இருந்தார். வெக்கை, நுளம்பு, காய்ச்சல், சண்டை. அவருக்கு இந்த இடம் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்று கடிதங்களில் தெரிகிறது.

சண்டைக்குக் காரணம் இருந்தது. அமெரிக்கா தனி நாடானபிறகு அதன் கப்பல்கள் பிரித்தானியக் குடியேற்றங்களோடு வியாபாரம் செய்யக் கூடாது என்பது சட்டம். ஆனால் தீவுகளுக்கு மரமும் சாப்பாடும் வந்ததே அங்கிருந்துதான். வியாபாரிகளும் அதிகாரிகளும் கண்டும் காணாமல் இருந்தார்கள். நெல்சன் விடவில்லை. நீவிஸ் தீவில் அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தார். வியாபாரிகள் வழக்குப் போட, கைதாகாமல் இருக்க வாரக்கணக்கில் கப்பலை விட்டு இறங்காமல் இருந்தார். 1787இல் அதே நீவிஸில் பானி நிஸ்பெற் என்ற பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டு இங்கிலாந்து திரும்பினார்.

தோட்டக்காரரோடு சண்டை பிடித்ததால் அவர் அடிமைகளின் பக்கம் நின்றார் என்று அர்த்தமில்லை. 1805இல் ஜமைக்காவின் பெரிய தோட்டக்காரரான தன் நண்பர் சைமன் ரெய்லருக்கு எழுதின கடிதத்தில் அடிமை வியாபாரத்தை நிறுத்தக் கேட்டவர்களை எதிர்த்துப் பேசினார். அந்தக் கடிதத்தை 1807இல் வெளியிட்ட அடிமை வியாபார ஆதரவாளர்கள் அதில் மாற்றங்கள் செய்து இன்னும் கடுமையாக்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர் எந்தப் பக்கம் என்பதில் அது பெரிய வித்தியாசத்தைத் தராது.

திருத்தினது எதை?

1834 ஓகஸ்ட் 1ஆம் திகதி அன்ரிகுவாவில் அடிமைமுறை முடிந்தது. மற்ற பல தீவுகளில் 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் இன்னும் சில வருசம் இழுத்தார்கள். அன்ரிகுவாவில் அது இல்லை. நட்டஈடாக முழுப் பேரரசிலும் 2 கோடி பவுண் கொடுத்தார்கள். கொடுத்தது முதலாளிமாருக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு சதமும் இல்லை.

பிறகு சீனியின் மதிப்பு இறங்கியது. நீராவிக் கப்பல்கள் வந்தன. அவற்றுக்கு இந்த ஒடுங்கிய துறைமுகம் காணாது. 1889இல் கடற்படை டொக்யாட்டைக் கைவிட்டது. கூரைகள் விழுந்தன, பற்றை வளர்ந்தது.

1949இல் நிக்கல்சன் என்ற ஆங்கிலேயக் குடும்பம் ஒரு பழைய பாய்க்கப்பலில் வந்து இந்த இடிபாடுகளில் குடியேறி, வெளிநாட்டாரைக் கப்பலில் ஏற்றிச் சுற்றிக் காட்டும் தொழிலைத் தொடங்கியது. 1951இல் ஆளுநர் கென்னத் பிளாக்பேர்ணின் முயற்சியில் 'இங்கிலிஷ் ஹாபர் நண்பர்கள்' என்ற சங்கம் உருவாகிப் பணம் சேர்த்தது. 1961 நவம்பர் 14இல் டொக்யாட் திரும்பத் திறக்கப்பட்டது. அப்போது அன்ரிகுவா இன்னும் குடியேற்ற நாடு. சுதந்திரம் கிடைத்தது 1981இல்தான்.

இந்தக் கால வரிசை முக்கியம். திருத்த வேலையை முன்னின்று நடத்தியவர்கள் பிரித்தானியர். பணம் கேட்க நெல்சனின் பெயர் வசதியான பெயர். அதனால் சுவர்களோடு சேர்த்துப் பேரரசின் பெருமையையும் திருத்தி வைத்தார்கள். சுவரைக் கட்டினவர்களின் கதை அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. அன்ரிகுவாவில் பிறந்த எழுத்தாளர் ஜமைக்கா கின்கெய்ட் 1988இல் வெளியிட்ட 'எ ஸ்மோல் பிளேஸ்' நூலில், தான் வளர்ந்த தெருவுக்கே நெல்சனின் பெயர் இருந்ததைப் பற்றிக் கோபத்தோடு எழுதினார். அந்தக் கோபத்துக்கு இதுதான் காரணம்.

பெயரை என்ன செய்வது?

2016இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பதிவில் உள்ள பெயர் 'அன்ரிகுவா கடற்படை டொக்யாட்டும் அதைச் சார்ந்த தொல்லியல் இடங்களும்'. நெல்சன் இல்லை. அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்கர்களின் தலைமுறைகளாய்த் தொடர்ந்த உழைப்பில்லாமல் இது சாத்தியமில்லை என்று அந்தப் பதிவே சொல்கிறது. ஆனால் வாசலிலும் விளம்பரத்திலும் இன்னும் நெல்சன்தான்.

பக்கத்தில் பார்படோஸ், 1813இலிருந்து பிரிஜ்டவுனில் நின்ற நெல்சன் சிலையை 2020 நவம்பரில் இறக்கியது. அன்ரிகுவாவும் அப்படிச் செய்ய வேணுமா? பெயர் தெரிந்தபடியால்தான் ஆக்கள் வருகிறார்கள், பாய்க்கப்பல் தொழிலில் எத்தனையோ குடும்பம் சாப்பிடுகிறது எண்டு ஒரு பக்கம் சொல்லலாம். அந்தக் குடும்பங்களில் பல, டொக்யாட்டில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்பதையும் மறக்கக் கூடாது. எங்களுக்கு அந்தப் பெயர்ப்பலகையைக் கழற்றினாலும் கவலையில்லை. ஆனால் கழற்றினால் மட்டும் போதாது. வெறும் சுவரில் எழுத வேறு பெயர்கள் வேணும்.

அந்த வேலையும் தொடங்கிவிட்டது. டொக்யாட் நூதனசாலை சார்ந்த ஆய்வாளர்கள் 'மார்ச் 8 திட்டம்' என்ற பெயரில் பழைய கடற்படை ஆவணங்களைக் கிளறி, அங்கே வேலை செய்த ஆபிரிக்கர்களின் பெயர்களைத் தேடி எடுக்கிறார்கள். 1744இல் செத்த அந்த எட்டுப் பேரின் நினைவாகத்தான் அந்தப் பெயர். ஆட்களைச் சொத்தாகக் கணக்கெழுதிய கொப்பிகளே இப்ப அந்த ஆட்களுக்குச் சாட்சி சொல்லுது.

இன்னொன்றும் நடந்தது. கனரித் தீவுகளிலிருந்து அத்திலாந்திக்கைத் துடுப்பு வலித்துக் கடக்கிற போட்டி ஒவ்வொரு வருசமும் முடிவது இந்த டொக்யாட்டில்தான். 2019 ஜனவரியில் அன்ரிகுவாவின் நான்கு பெண்கள் 47 நாட்கள் துடுப்பு வலித்து இங்கே வந்து சேர்ந்தார்கள். ஒரு சமுத்திரத்தைத் துடுப்பால் கடந்த முதல் கறுப்பினப் பெண்கள் அணி அவர்கள். முன்னோரைச் சங்கிலியில் கொண்டுவந்த அதே கடல். கரை முழுக்கச் சனம்.

கலைப்பீடத்தில் வரலாறு படிச்சு என்ன செய்யப் போறியள் எண்டு எங்களிட்ட கேக்காத ஆள் இல்லை. இனிமேல் இந்த டொக்யாட்டைப் பற்றிச் சொல்லலாம் எண்டு இருக்கிறம். கட்டடத்தைத் திருத்தப் பத்து வருசம் போதுமாயிருந்தது. அதைக் கட்டினவரின் பெயரை எடுக்க, ஆரோ ஒராள் பழைய கணக்குக் கொப்பியை வரி வரியாய் வாசிக்க வேண்டியிருக்குது, அந்த வாசிப்பு இன்னும் முடியேல்லை.