கதவு எங்கிருந்து கெடுகிறது?

அம்பகரத்தூரில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. காரைக்காலிலிருந்து பேரளம் போகிற சாலையில், திருநள்ளாற்றைத் தாண்டி மேற்கே இருக்கிற ஊர். வெளியூர்க்காரர்கள் பத்ரகாளியம்மன் கோயிலை வைத்து அடையாளம் சொல்வார்கள். கடல் நமக்குத் தெரியாவிட்டாலும் இரும்புக்குத் தெரியும். இரண்டு மழைக்காலம் கண்ட கேட்டின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தால் போதும்.

மரமோ இரும்போ, இந்த மண்ணில் கதவு காலிலிருந்துதான் கெடுகிறது. ஐப்பசி கார்த்திகையில் களிமண் நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். மண் காய்ந்ததும் கரையான் ஏறும். ஆகவே தச்சர் செய்ததையும் வெல்டிங் பட்டறையில் செய்ததையும் ஒப்பிட வேண்டுமானால், பூவேலையையும் பெயிண்ட்டையும் விட்டுவிட்டுக் காலைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய தச்சர்களுக்கு இது தெரிந்திருந்தது. கீல் இல்லாத அந்தக் காலத்துக் கதவில் ஓரச் சட்டமே மேலும் கீழும் குடுமியாக நீண்டிருக்கும். கீழ்க்குடுமி கல்லில் குடைந்த குழியில் நின்று சுழலும். மரம் மண்ணைத் தொடாது. தேக்கு தன் எண்ணெய்ப் பசையால் கரையானைத் தள்ளி வைக்கும். தேக்குக்கு வழியில்லாதவர்கள் வேம்பும் பூவரசும் போட்டார்கள். கீழ்ச்சட்டம் உளுத்தால் அதை மட்டும் கழற்றி, புதுச் சட்டம் இழைத்துக் கோத்துவிடலாம். மரக்கதவின் பெரிய பலமே இதுதான். மழையில் ஊதி நிலையில் சிக்கிக்கொள்ளும், கோடையில் சுருங்கி விரிசல் விடும் என்பதெல்லாம் உண்மை. மர விலையையும் தச்சுக்கூலியையும் கேட்டபின் பலர் பட்டறைப் பக்கம் திரும்புவதிலும் வியப்பில்லை.

பட்டறையில் கணக்கு கிலோவில். கம்பியின் குறுக்களவை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை வரும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 890 கிராம். இந்தச் சூத்திரம் தெரிந்த வாடிக்கையாளரைப் பட்டறைக்காரர் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பார். குழாய் என்றால் 16 கேஜ் சுமார் 1.6 மில்லிமீட்டர் கனம், 18 கேஜ் 1.2. பெயிண்ட் அடித்தபின் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். வெட்டிய முனையைப் பார்த்தால்தான் தெரியும்.

ஜி.ஐ. குழாய் போட்டால் துருவே பிடிக்காது என்பார்கள். பாதி உண்மை. அதன் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு 420 டிகிரியில் உருகி 907 டிகிரியில் ஆவியாகும். வெல்டிங் வெப்பம் அதைப்போலப் பல மடங்கு. ஒட்டுப் போட்ட இடத்தில் பூச்சு வெள்ளைப் புகையாகப் போய்விடுகிறது. (அந்தப் புகையை இழுத்த வெல்டருக்கு இரவில் குளிர்காய்ச்சல் வருவதும் உண்டு.) உப்புக்காற்று முதலில் பிடிப்பது அந்த ஒட்டுகளைத்தான். அங்கே துத்தநாகப் பெயிண்ட் அடிக்காத கேட்டை வாங்காதீர்கள். குழாய்த் தூணின் தலை மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூடாத தூணில் மழைநீர் இறங்கி அடியில் தேங்கி, உள்ளிருந்தே தின்னும். எங்கள் தோட்டத்து கேட் அப்படித்தான், வெளியே பளபளவென்று இருந்தபடியே ஒரு நாள் சாய்ந்தது.

மாட்டுக்கொட்டகைக்கு வந்தால் இந்த ஒப்பீடு தலைகீழாகிறது. அங்கே அளவெடுக்க வேண்டியது மாட்டை. இந்தக் கீழ்த்தஞ்சைப் பக்கத்து மாடு உம்பளச்சேரி: சேற்றில் உழுவதற்கென்றே அமைந்த குட்டைக் கால், கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கத்தால் மொட்டை மாடு என்றும் பெயர். அதற்குத் தாழ்ந்த காடியும் குறுக்கே ஒரு மூங்கில் கழியும் போதும். ஜெர்சி கலப்பு மாடு உயரம், உடம்பும் பெரிது. பழைய அளவிலேயே கழுத்துத் தடுப்பு போட்டால் தீனிக்குக் குனியும்போதெல்லாம் பிடரி உரசிக் காய்த்துப்போகும். வாயில்லா ஜீவன், புகார் சொல்லாது. பட்டறைக்காரரைக் கொட்டகைக்கே கூட்டிவந்து, மாடு நிற்கும்போதும் தின்னும்போதும் அளக்கச் சொல்ல வேண்டும்.

கொட்டகையில் மரம் தோற்கிறது என்பதே என் தீர்ப்பு. மூத்திரம் ஊறிய மரம் காய்வதில்லை, அதன் வெடிப்புகளில் உண்ணி குடியேறுகிறது. இரும்புக் குழாயைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடலாம். ஆனால் அதே மூத்திரம் இரும்பின் காலையும் அரிக்கும். தூணைத் தரையில் புதைக்காமல், ஒரு முழ உயரத்துக்குக் கான்கிரீட் கட்டை எழுப்பி, அதன்மேல் தகடு வைத்து போல்ட் போட்டு நிறுத்தினால் தப்பலாம். யோசித்தால், குடுமிக்குழிக் கல்லின் வேலையைத்தான் அந்தக் கட்டை செய்கிறது.

வயல் வழிக்கு மட்டும் இரண்டு பேரையும் கூப்பிட வேண்டியதில்லை. பூவரசம் போத்து இரண்டை வெட்டி ஐப்பசி மழையில் நட்டால் தைக்குள் துளிர்த்துவிடும். மூங்கில் படலைக் கயிற்றால் அதிலேயே கட்டிக்கொள்ளலாம்.